பேருக்கு வந்தவர்

செத்தவர்கள் பேர் கேட்டு வரத் தொடங்கின அந்தக் கார்த்திகையில் சூரியன் மலைக்குப் பின்னால் ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டு, இனித் தை முடியத்தான் என்று போய்விட்டிருந்தது, ஸ்கார்விக் ஊரில் பட்டப்பகலிலும் தெருவிளக்கு எரிந்தது, அந்த விளக்கடியால்தான் முதலாவது ஆள் மத்தியானம் நடந்து வந்து செல்வராணி வீட்டு மணியை அடித்தார். செல்வராணி நிறைமாசப் பிள்ளைத்தாச்சி, அடுப்பில் பருப்புக் கொதிக்கிறது, கதவைத் திறந்தால் எண்ணெய்த் துணி அங்கி போட்ட ஒரு பெரிய மனிசன் தலையில் இருந்து கால் வரைக்கும் சொட்டச் சொட்ட நிற்கிறார், நகரசபையில் இருந்து தண்ணிக் குழாய் பார்க்க வந்த ஆளாக்கும் என்று நினைத்துச் சப்பாத்தைக் கழட்டிவிட்டு வரச் சொல்லிக் கையைக் காட்டினாள். அவரும் மரியாதை தெரிந்த ஆள்தான், குனிந்து கழட்டினார், ஒவ்வொரு சப்பாத்துக்குள்ளும் இருந்து ஒரு வாளி கடல் ஊற்றுப்பட்டது, கூடவே ஒரு சின்ன நண்டும் ஓடிப்போய்க் கதவுக்குப் பின்னால் ஒளித்தது. அவர் வாயைத் திறந்து ஏதோ கேட்டார், அந்த நேரம் பார்த்துப் பருப்புப் பொங்கி வழிந்தது, அவள் அடுப்பை நூர்த்துவிட்டு வந்து பார்த்தால் ஆள் இல்லை, தரைதான் ஈரம்.

இதில் அதிசயப்பட என்ன இருக்கிறது என்று தவமலர் கேட்பாள். ஸ்கார்விக் நோர்வேயின் வடக்குத் தொங்கலில் கிடக்கிற ஊர், முந்தி ஒரு காலம் வீட்டுக்கு ஒருத்தனைக் கடல் எடுத்த ஊர், இப்போது ஒரேயொரு மீன் ஃபக்டரியை நம்பிக் கிடக்கிற ஊர், வெள்ளையளின் பிள்ளைகள் எல்லாம் தெற்குக்குப் படிக்கப் போய் அங்கேயே நின்றுவிட, மீன் வெட்டவென்று யாழ்ப்பாணத்துக் கரைகளில் இருந்து வந்து இறங்கிய சனமும் அவர்களின் பிள்ளைகளும்தான் அங்கே கலியாணம் கட்டிக் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தார்கள், வயிறு தள்ளின பெண்பிள்ளை ஒருத்தி தெருவில் போனால் அவள் தமிழிச்சியாகத்தான் இருப்பாள். கடலுக்குள் கிடக்கிற மனிசர் பேரைத் தேடி வந்தால் வேறு எந்த வீட்டு மணியை அடிக்கிறது என்பாள் தவமலர். அவளும் அந்த ஃபக்டரியில் மீன் வெட்டித்தான் இரண்டு பெண் பிள்ளைகளை வளர்த்தவள், புருஷன் போய்ச் சேர்ந்து கனகாலம்.

செல்வராணி வீட்டுக்குப் பிறகு இன்னொரு வீடு, பிறகு இன்னொன்று, கர்ப்பிணி இருக்கிற வீடாகப் பார்த்து வந்தார்கள், வந்து வாசலில் நின்று ஏதோ கேட்டார்கள், பதில் வராவிட்டால் முகம் வாடிப் போனார்கள். சனம் பயப்பட்டதோ என்றால் முதல் கிழமை கொஞ்சம் பயந்தது, பிறகு எரிச்சல்தான் பட்டது, மரத் தரை ஊதுகிறது, உப்பு படிகிறது, எத்தனை தரம் துடைப்பது. கதவடியில் சாக்கு போட்டுப் பார்த்தார்கள், சாக்கு காணாமல் பழைய துவாய் போட்டார்கள், சிலர் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்கள், வந்தவர்கள் குடிக்கிறதில்லை, கோப்பையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு ஆறும்வரை நிற்பார்கள், அதைப் பார்க்கப் பாவமாக இருக்கும் என்று பெண்கள் சொல்லிக்கொண்டார்கள். தமிழ்ச் சங்கத் தலைவர் பஞ்சாட்சரம் கூட்டம் போட்டார். பிரேதம் வந்த வீட்டுக்குத் துடக்குத் தீட்டு உண்டா என்று ஒரு கேள்வி வந்தது, செத்து அத்தனை வருஷமாகிவிட்டபடியால் இல்லை என்று முடிவாயிற்று, அவர்கள் என்னதான் கேட்கிறார்கள் என்ற அடுத்த கேள்விக்குத்தான் ஒருவரிடமும் பதில் இல்லை, ஏனென்றால் ஃபக்டரிக்காரர் படித்த நோர்வே மொழி கத்தி, பெட்டி, ஐஸ், கெதியா, நாளைக்கு வேலை இல்லை என்கிற அளவில் நின்ற மொழி, அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கும் கடல்காரரின் அந்தப் பழைய பேச்சுப் பிடிபடவில்லை. அப்போதுதான் யாரோ பின்வரிசையில் இருந்து, தவமலரக்காவின்ர சின்னவள் அதைத்தானே படிக்கிறாள் என்று சொன்னார்கள், முழுச் சனமும் திரும்பித் தவமலரைப் பார்த்தது.

அந்தப் பார்வையை அவள் ஆயுளுக்கும் மறக்கமாட்டாள், அவ்வளவு நாளும் பட்ட கேலிக்கு அது மருந்து. சின்னவள் சாம்பவி மருத்துவத்துக்குப் போகக்கூடிய புள்ளி எடுத்துவிட்டுத் தெற்கே பல்கலைக்கழகத்தில் நோர்டிக் மொழிகளும் இலக்கியமும் படிக்கப் போகிறேன் என்று நின்றவள், சங்கத்தில் அதைச் சொல்லவே தவமலருக்கு வாய் கூசியது.

"நோர்வேயில இருந்துகொண்டு நோர்வேஜியன் படிக்கப் பல்கலைக்கழகம் போறதோ, என்ன கண்டறியாத படிப்பு" என்றார் பஞ்சாட்சரம் அப்போது.

"அது மட்டுமில்லையாம் அண்ணை. சுவீடன்காரற்ற, டென்மார்க்காரற்ற பாஷையும் இருக்காம். எல்லாத்துக்கும் தாயான பழைய பாஷை ஒண்டும் கிடக்காம், அதையும் படிக்கிறாள்."

"பழசைப் படிச்சுப்போட்டு ஆரோட கதைக்கிறது?"

அதையே சாம்பவியிடம் கேட்டால் சிரிப்பாள், வகுப்பிலும் வெள்ளைப் பிள்ளைகள் நீ ஏன் இதைப் படிக்கிறாய் என்றுதான் கேட்கினம், இரண்டு பக்கமும் ஒரே கேள்வி அம்மா என்பாள். இப்போது கூட்டம் முடிந்த கையோடு பஞ்சாட்சரமே ஃபோனை எடுத்து, "பிள்ளை, கெதியா வெளிக்கிட்டு வா, இஞ்ச உன்ர ஆக்கள் வந்திருக்கினம்" என்றார்.

சாம்பவி வந்து, செல்வராணி வீட்டு வாசலுக்குத் திரும்பவும் வந்த அந்தப் பெரிய மனிசனுக்கு முன்னால் நின்று காது கொடுத்துக் கேட்டாள், இது இந்த ஊரின் பேச்சுத்தான், நூறு வருஷத்துக்கு முந்தினது என்றாள், பிறகு செல்வராணியின் வயிற்றைப் பார்த்துவிட்டுச் சொன்னாள், தன்ர பேரை இந்தப் பிள்ளைக்கு வைக்கச் சொல்லிக் கேட்கிறார், கூப்பிட ஆள் இல்லாமல் பேர் விறைச்சுப் போச்சுதாம். கடையடியில் சந்தித்த கிழவி ஊன்னி அதைக் கேட்டு ஒரு பொட்டும் திடுக்கிடவில்லை. ஊன்னி அந்த ஊரில் மிஞ்சியிருந்த பழைய வெள்ளைச் சனத்தில் ஒருத்தி, எங்கள் பிள்ளைகள் நாயின் பேரையும் நடிகர் பேரையும் வைக்கிறார்கள், அதையும் தெற்கில்தான் வைக்கிறார்கள், பாவம் இவர்கள் எங்கே போவார்கள் என்றாள், சாம்பவி அதைத் தமிழில் சொன்னாள். போகும்போது ஊன்னி திரும்பி நின்று, "பேர் கேட்டால் குடுங்கள், வேறொன்றும் குடுக்காதீர்கள்" என்று சொன்னதையும் சொன்னாள்.

சனம் குடுத்தது. பேரில் என்ன குறைந்துவிடப் போகிறது, பிள்ளை பிறந்து முப்பத்தொன்று அன்று துடக்குக் கழித்துக் காதில் பேர் சொல்லும்போது முதலில் தாங்கள் வைக்கிற தமிழ்ப் பேரைச் சொல்லி, கூட ஒரு தூர்லெய்ஃபையோ ஓலாவையோ சேர்த்துச் சொன்னார்கள், சொன்ன அன்றோடு அந்த ஆள் வருவது நின்றது, பிள்ளையும் கொழுகொழு என்று வளர்ந்தது, ஐயருக்கு அந்தப் பேர்கள் வாயில் நுழையாமல் அவர் படுகிற பாட்டைப் பார்க்கவே ஆட்கள் வந்தார்கள். வெய்யில் காலம் வந்தபோது செல்வராணி தெருவில் நின்று "எடேய் தூர்லெய்ஃப், மதில்ல இருந்து இறங்கு" என்று, தன் பிள்ளை மதில் ஏறுகிற வயசு வரும்வரைக்கும் தன் தமையனின் பிள்ளையை அந்தப் பேரால் ஏசிப் பழகிக்கொண்டிருக்க, ஊன்னி ரோட்டின் மற்றப் பக்கம் நின்று கண்ணைத் துடைத்தாள், அது அவளுடைய பாட்டனின் பேர். சாம்பவியை ஊர் தலையில் தூக்கி வைத்து ஆடியது. பஞ்சாட்சரம் தன் பேத்தியையும் நோர்டிக்குக்கு விடலாமோ என்று தவமலரிடம் யோசனை கேட்டார், தவமலரும் அதெல்லாம் மூளையுள்ள பிள்ளைகளுக்குத்தான் அண்ணை என்று சாவதானமாகச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து வயிறு குலுங்கச் சிரித்தாள்.

அடுத்த வருஷம் சூரியன் போனதும் மறுபடி வந்தார்கள், ஆனால் இந்தத் தரம் வந்தவர்கள் வேறு. பேர் குடுக்கிற சனம் கரையில் இருக்கிறது என்ற கதை கடலுக்கு அடியில் பரவியிருக்க வேண்டும், கிட்டின காலத்தில் கடலில் மூழ்கினவர்களுக்குப் பின்னால் எத்தனையோ காலம் முந்தி மூழ்கினவர்கள் வரத் தொடங்கினார்கள், எண்ணெய்த் துணி போய்த் தோல் உடுப்பு வந்தது, தோல் உடுப்பும் போய் என்னவென்று தெரியாத உரோமம் வந்தது, பேச்சும் பழசாகிப் பழசாகிச் சாம்பவியே நெற்றியைச் சுருக்கி ஒன்றுக்கு இரண்டு தரம் கேட்க வேண்டி வந்தது. அவர்கள் சொன்ன பேர்களில் உயிரெழுத்தைத் தேட வேண்டியிருந்தது. சனமும் முந்தின மாதிரிச் சிரிக்கவில்லை, மணி அடித்தால் திறக்கப் பிந்தியது.

அந்த மார்கழியில்தான் தவமலரின் வீட்டுக்கும் ஒருவர் வந்தார். மூத்தவள் கௌதமி ஐந்து வருஷம் காத்திருந்து வயிற்றில் வாங்கின பிள்ளை அது, அதற்கு முன் இரண்டு தங்காமல் போனது, புருஷன் ட்ரோலரில் மாசக்கணக்காய்க் கடலில் நிற்கிறவன், ஆனபடியால் தாய்வீட்டில்தான் இருந்தாள். இந்தப் பிள்ளை உயிரோடு கையில் வரவேண்டும், தவமலருக்கு அதைத் தவிர வேறு கடவுள் அப்போது இல்லை. சாம்பவியும் வந்து நின்றாள், முதுநிலைப் படிப்புக்கு ஆய்வு எழுதிக்கொண்டிருந்தாள், பழைய மொழியில் 'இரு' என்கிற ஒரேயொரு வினைச்சொல்லைப் பற்றித்தான் முழு ஆய்வும், எங்கட தமிழிலயும் இருக்கிறது எண்டால் உட்காருறதும்தான், உயிரோட இருக்கிறதும்தான், ஓரிடத்தில தங்கிறதும்தான், இதை அங்க சொன்னால் பேராசிரியர் வாயைப் பிளக்கிறார் அம்மா என்று சாப்பிடும்போதும் அதுதான் கதை.

மணி அடித்து, தவமலர் திறந்தாள். வந்தவர் இளந்தாரி, இருபத்தைந்து மதிக்கலாம், நல்ல வடிவான முகம், தண்ணியில் கிடந்து வெளிறின கண், ஒன்றும் கேட்கவில்லை, பார்த்துக்கொண்டு நின்றார். மற்றவர்கள் வந்ததும் பேரைச் சொல்லுவார்கள், இவர் சொல்லவில்லை. அந்த நிமிஷத்தில் கதவைச் சாத்தியிருக்கலாம் என்று தவமலர் பிறகு எத்தனையோ தரம் நினைத்தாள், ஆனால் வீட்டுக்கு வந்தவரை வாசலில் நிற்க வைத்துக் கதைக்கிற வளர்ப்பு அவளுடையது இல்லை, வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது.

"வாங்கோ, இருங்கோ."

அவர் விளங்காமல் பார்த்தார். "நான் சொன்னதை அவருக்குச் சொல்லு பிள்ளை" என்றாள் தவமலர்.

சாம்பவி ஒரு கணம் யோசித்தாள், அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததைத் தவமலர் கண்டாள், பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்த பிள்ளையின் முகம். பிறகு அந்தப் பழைய மொழியில் வடிவாக, நிறுத்தி, "வெர் ஹேர்" என்றாள். இளந்தாரி நிமிர்ந்தார். அப்படி ஒரு மகிழ்ச்சியைத் தவமலர் எந்த முகத்திலும் கண்டதில்லை, அது அவளுக்குப் பிடிக்கவில்லை. அவர் உள்ளே வந்து, யன்னலடியில் கௌதமி வழக்கமாக இருக்கிற கதிரையைப் பார்த்து நடந்து, அதில் இருந்தார்.

ஒரு மணித்தியாலம் இருந்தார், மத்தியானம் முழுக்க இருந்தார், அடுத்த நாளும் இருந்தார். சாப்பிடவில்லை, கண் மூடவில்லை, கௌதமியின் வயிற்றைப் பார்த்துக்கொண்டு இருந்தார், நாளாக நாளாக அவருடைய உடுப்புக் காய்ந்தது, முடி காய்ந்து பொன்னிறமாகியது, கன்னத்தில் இரத்தம் ஓடத் தொடங்கியது, கௌதமியின் தலைமுடியோ எவ்வளவு துடைத்தாலும் ஈரமாகவே கிடந்தது, அவள் படுத்த தலையணையில் உப்புப் பூத்தது. பிள்ளை அசைவதை நிற்பாட்டிவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார்கள், இருதயம் அடிக்கிறது, மெதுவாக அடிக்கிறது, பார்த்துக்கொண்டு இருப்போம் என்றாள் மருத்துவிச்சி, கருவியை வயிற்றில் வைத்தபோது அலை அடிக்கிற சத்தம் அறை முழுக்கக் கேட்டது, மருத்துவிச்சி அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் கருவியைத் துடைத்து வைத்தாள்.

"போகச் சொல்லு" என்றாள் கௌதமி தங்கச்சியிடம். "எப்பிடியாவது போகச் சொல்லு."

"வயித்தில பிள்ளையோட ஒருத்தி இருக்கிற வீட்டில 'போ' எண்டு வாயால சொல்லுறதோ" என்றாள் தவமலர். "போயிட்டு வாங்கோ எண்டு மரியாதையாச் சொல்லு."

"அப்பிடிச் சொன்னால் வருவார் அம்மா."

"நீ சொல்லு."

சொன்னாள். அவர் எழும்பிப் போனார், கடலடி வரைக்கும் போனதை யன்னலால் பார்த்தார்கள், தவமலர் சாமிப்படத்தடிக்குப் போய்க் கற்பூரம் கொளுத்தினாள், கற்பூரம் எரிந்து முடிய முதல் அவர் வந்து கதிரையில் இருந்தார். அடுத்த நாளும் சொன்னார்கள், அடுத்த நாளும் போய்விட்டு வந்தார். தமிழில் இருக்கிற மரியாதை எல்லாம் திரும்பி வரச் சொல்லுகிற மரியாதைதான் என்பது அந்த வீட்டுக்கு அப்போதுதான் உறைத்தது.

ஊருக்குக் கதை போனது. முதலில் ஆட்கள் பார்க்க வந்தார்கள், பிட்டும் கறியும் கொண்டுவந்தார்கள், பிறகு வாசலோடு நின்றார்கள், பிறகு வரவில்லை. பஞ்சாட்சரம் ஃபோனில் மெல்ல இழுத்து இழுத்துக் கதைத்தார், வேறு வீடுகளிலும் பிள்ளைத்தாச்சிகள் இருக்கினம் தங்கச்சி, கொஞ்ச நாளைக்குக் கோயில் பக்கம் வராமல் விட்டால் நல்லது, ஆரும் குறை சொல்லேல்லை, படிச்ச பிள்ளை என்ன சொல்லிக் கூப்பிட்டுதோ எண்டுதான் சனம் கேட்குது. தவமலர் ஃபோனை வைத்துவிட்டு வந்து சாம்பவிக்கு முன்னால் நின்றாள்.

"நீ அவருக்கு என்ன சொன்னனி?"

"நீங்கள் சொன்னதைத்தான்."

"இருங்கோ எண்டால் கதிரையில இருங்கோ எண்டு பச்சப்பிள்ளைக்கும் தெரியுமே."

சாம்பவி சுவரைப் பார்த்தாள். "அதுக்கு ஒரு சின்னச் சொல் இருந்தது அம்மா, சிட் எண்டு. எனக்குத் தெரியும். நான் மற்றதை, வெர் எண்டதை எடுத்தனான். எங்கட சொல்லும் அவையின்ர சொல்லும் ஒண்டு எண்டு காட்ட ஆசையாக் கிடந்தது." அவள் திரும்பிக் கதிரையைப் பார்த்தாள். "நான் அவரை இருக்கச் சொல்லிப்போட்டன் அம்மா. உயிரோட."

தவமலருக்குக் கோபம் வந்தது, அடிக்கக் கை ஓங்கினாள், ஓங்கின கையால் பிள்ளையை இழுத்து நெஞ்சோடு அணைத்தாள். கூப்பிட்டது யாருடைய வாய், சொன்னது யாருடைய வாய், அதைப் பிரித்துப் பார்க்க இப்போது நேரமில்லை.

அடுத்த நாள் மத்தியானம், வெளியில் நீல இருட்டு, கௌதமி அறையில் படுத்திருக்க, சாம்பவி அந்தக் கதிரைக்கு முன்னால் நிலத்தில் இருந்தாள், தவமலர் குசினி வாசலில் நின்றாள். அவர் சொல்லுவதை எல்லாம் சாம்பவி பழக்கதோஷத்தில் அங்கங்கே தமிழில் சொல்லிக்கொண்டு போனாள், பரீட்சைக்கு மொழிபெயர்க்கிற நேரம் அவளுக்கு வருகிற அந்தப் புத்தகத் தமிழில்.

முதலில் அவள் ஒரேயொரு சொல் சொன்னாள், அது போ என்பதாக இருக்க வேண்டும், தவமலர் காதைப் பொத்த நினைத்துப் பொத்தாமல் விட்டாள். அவர் யாரை என்று கேட்டார். உங்களைத்தான் என்றாள் சாம்பவி.

"போ என்பது ஒருவனுக்குச் சொல்லும் சொல், நான் இன்னும் ஒருவன் இல்லை, என் பேரைக் கடல் தின்றுவிட்டது என்கிறார்" என்று சாம்பவி சொன்னாள். "இரு என்பது அப்படி அல்ல, அது கல்லுக்கும் கேட்கும் என்கிறார்."

"பிள்ளை ஏன் அசையேல்லை எண்டு கேள்" என்றாள் தவமலர்.

கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டு மறுமொழி சொன்னார், சாம்பவி அதைச் சொல்லத் தயங்கினாள், தவமலர் விடவில்லை.

"ஒரு வாசலால் இரண்டு பேர் எப்படி நுழைவது, அது விலகி நிற்கிறது, மரியாதையான பிள்ளை என்கிறார். நீங்கள் காதில் பேர் சொல்லும் நாள் வருமாம். அந்தப் பேர் தனக்குப் போதுமாம்."

தவமலர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். கௌதமி பிள்ளைக்கு வைக்கிற பேரை எப்போதோ தேர்ந்து வைத்திருக்கிறாள், கண் படும் என்று தாய்க்கும் சொல்லவில்லை, அது வயிற்றைத் தடவும்போது வாய்க்குள் மட்டும் வருகிற பேர். சாம்பவி தான் படித்த படிப்பில் இருந்து பேர் எடுத்து எடுத்து நீட்டினாள், அரசர் பேர், வீரர் பேர், கப்பல் கட்டினவன் பேர், ஒவ்வொன்றுக்கும் அவர் தலையை ஆட்டினார், செத்த பேர், குளிருது எண்டு சொல்லுறார் அம்மா. பிறகு அவள் ஏதோ கேட்டாள், அவர் முதல் தரம் வயிற்றை விட்டுக் கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார், ஏதோ சொன்னார். அதைச் சாம்பவி தமிழில் சொல்லவில்லை.

"என்ன கேட்டனி?" என்றாள் தவமலர். "பிள்ளை, என்ன கேட்டனி?"

சாம்பவி எழும்பி, எங்கள் சனம் செய்கிற மாதிரி அவருடைய வலது காதைக் கையால் மறைத்து, குனிந்து, அந்தக் கடல் நாறுகிற காதுக்குள் மூன்று தரம் தன் பேரைச் சொன்னாள். தவமலருக்கு அது கேட்டது. தான் முப்பத்தொன்று அன்று இதே மாதிரிக் குனிந்து, பால் மணக்கிற ஒரு காதுக்குள் சொன்ன பேர், அது இப்போது மகளின் வாயால் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள், ஓடிப்போய் அந்த வாயைப் பொத்தியிருக்கலாம், அறைக்குள் கௌதமி படுத்திருந்தாள், தவமலர் பொத்தவில்லை. பிறகு சாம்பவி நிமிர்ந்து அவரைத் தன் பேரால் கூப்பிட்டு அந்த ஒற்றைச் சொல்லைச் சொன்னாள், அவர் எழும்பிக் கதவைத் திறந்துகொண்டு போனார், கதிரை காய்ந்திருந்தது. அறைக்குள் இருந்து கௌதமி, "அம்மா, உதைக்குது, அம்மா இஞ்ச ஓடி வாங்கோ" என்று அழுதுகொண்டு கூப்பிட்டாள்.

மாசியில் சூரியன் திரும்பி வந்து நாலைந்து நாள் கழியப் பெண் பிள்ளை பிறந்தது, ஊரைக் கூட்டுகிற அழுகை, தலை நிறையக் கறுப்பு முடி. முப்பத்தொன்றுக்குச் சங்கம் முழுக்க வந்தது, பஞ்சாட்சரம் தங்கச் சங்கிலியோடு வந்து ஒன்றும் நடக்காத மாதிரிக் கதைத்தார், கௌதமி தன் பிள்ளைக்குத் தான் மறைத்து வைத்த பேரைத் தானே காதில் சொன்னாள், வேறு எந்தப் பேரும் கூடச் சேர்க்கவில்லை. சந்தோஷம் தவமலருக்குத் தாங்கவில்லை, அழுதாள். ஆனால் அவள் பந்திக்கு வரச் சொல்லிச் சின்னவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டபோது, இரண்டு அடி தூரத்தில் நின்ற சாம்பவிக்கு அது கேட்கவில்லை, சனம் முழுக்கத் திரும்பியது, அவள் மட்டும் தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றாள், பட்டப்பகல் வெளிச்சத்தில் கடலடியில் இருந்து ஈரமான கால்தடம் ஒன்று படியால் ஏறி, சாத்தின கண்ணாடிக் கதவுக்கு வெளியில் வந்து நின்றது. ஐயர் மந்திரத்தை விட்டுவிட்டார். தவமலர் வாயைப் பொத்திக்கொண்டாள், கொஞ்ச நேரத்தில் தடம் திரும்பிப் போனது.

"கூப்பிடாதே, அவ்வளவுதான்" என்றாள் ஊன்னி. "கூப்பிடுகிற இடத்துக்குத்தான் வரும்."

சனம் அதையும் பழகிக்கொண்டது. அவளைக் கௌதமியின்ர தங்கச்சி என்றார்கள், படிச்ச பிள்ளை என்றார்கள், சின்னப் பிள்ளைகளுக்கு அந்தப் பேரைக் கடற்கரையில் சொல்லக்கூடாது என்று சொல்லி வைத்தார்கள். பல்கலைக்கழகத்தில் வரவு கூப்பிடும்போது பேராசிரியர் அவளிடத்தில் வந்து நாக்குத் தடுக்கி அடுத்த ஆளுக்குப் போனாராம், ஆய்வுக்கு நல்ல புள்ளி கிடைத்ததாம், சான்றிதழில் பேர் இருந்த இடம் தண்ணி பட்ட மாதிரி ஊறிக் கிடந்ததாம். பரவாயில்லை அம்மா என்பாள் அவள், நான்தானே இருக்கிறன். தவமலர் அவளைப் பிள்ளை என்றாள், குஞ்சு என்றாள், ராசாத்தி என்றாள், என்ன சொல்லிக் கூப்பிட்டாலும் நெஞ்சுக்குள் ஒரு சொல் முட்டிக்கொண்டு நின்றது. அந்தப் பேரைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டு, அதற்கு ஒரு பதில் வர வேண்டும், தாய்க்கு வேறு என்ன வேண்டும். சமைக்கும்போது தண்ணிக் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வராமல் உதட்டால் மட்டும் சொல்லிப் பார்ப்பாள்.

அந்தக் கோடையில் வந்துவிட்டு மகள் திரும்பிப் போன நாள், கப்பல் துறையில் காற்று, பலகை எல்லாம் மீன் செதிலும் தண்ணியும். கௌதமி பிள்ளையோடு வீட்டில் நின்றாள், தவமலர் மட்டும் வழியனுப்ப வந்தாள். மகள் பெட்டியை இழுத்துக்கொண்டு, திரும்பித் திரும்பிக் கையைக் காட்டிக்கொண்டு பின்பக்கமாகவே நடந்தாள், பின்னால் துறையின் விளிம்பில் தடுப்புக் கம்பி விட்டுப்போன இடம் ஒன்று வாய் திறந்து கிடந்தது, இன்னும் இரண்டு அடி. தவமலருக்குப் பிள்ளை என்று வரவில்லை, குஞ்சு என்று வரவில்லை.

"சாம்பவி!"

மகளுக்குக் கேட்கவில்லை. கப்பலின் ஆள் ஒருத்தன் பாய்ந்து அவள் தோளைப் பிடித்து இழுத்தான், அவள் பள்ளத்தைப் பார்த்து நெஞ்சில் கை வைத்து, அம்மாவைப் பார்த்துச் சிரித்து, ஒன்றுமில்லை என்று கையைக் காட்டி உள்ளே போனாள். கப்பல் பலகையைத் தூக்கியது. தவமலர் மூச்சு வாங்கிக்கொண்டு அந்த இடத்திலேயே நின்றாள், கப்பல் விலக விலகத் துறைக்கு அடியில் தண்ணி மரத்தூணில் அடித்தது, பிறகு அடிக்கவில்லை, யாரோ ஏணிப்படியைப் பிடித்து ஏறுகிற சத்தம் கேட்டது. பிறகு அவளுடைய முதுகுக்குப் பின்னால், சின்னவளின் அதே குரலில், வடிவான யாழ்ப்பாணத் தமிழில், "ஓம் அம்மா, வாறன்" என்று கேட்டது.

அது தன் பிள்ளை இல்லை என்று தவமலருக்குத் தெரியும். கப்பல் கண்ணுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது, மேல்தட்டில் மகள் இன்னும் கையை ஆட்டிக்கொண்டு நின்றாள். ஆனால் எத்தனை மாசத்துக்குப் பிறகு அந்தப் பேருக்கு ஒரு பதில் வந்திருக்கிறது, தவமலர் கப்பலுக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள்.